பேடி முதல் திருநங்கை வரை: இலக்கணமும் சட்டமும் தன்வரலாறும்

முன்னுரை

ஆண், பெண் என்னும் இருபாற் பகுப்பில் அடங்காதோரைத் தமிழ் மரபு எவ்வாறு பெயரிட்டது? அரசு எவ்வாறு பதிவு செய்தது? அவர்கள் தம்மை எவ்வாறு எழுதிக்கொண்டனர்? இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இறுதி வினாவின் விடை தமிழகத்திற்கும் கன்னட நாட்டிற்கும் பொதுவாதலின், மைசூரிலிருந்து இதனை நோக்குவது பொருத்தமுடைத்து.

இலக்கண, இலக்கியச் சான்றுகள்

தொல்காப்பியக் கிளவியாக்கம் ஆண்மை திரிந்தாரை உயர்திணையில் வைக்கிறது. அவர்க்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அப்பெயர் ஆண்பால் ஈற்றோடு பொருந்தாது என்றும் கூறுகிறது. நன்னூலோ பெண்மை விட்டு ஆண்மை விரும்புவோரை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மை விரும்புவோரைப் பெண்பாலாகவும் கொள்கிறது. ஈண்டுப் பாலைத் தீர்மானிப்பது உடலன்று, விருப்பம் என்பது கருதத்தக்கது. எனினும் இருவரையும் அஃறிணைபோலக் கொள்ளவும் அந்நூற்பா இடந்தருகிறது. இம்முரணை மறைத்து மரபைப் போற்றுதல் ஆய்வு நெறியாகாது.

இலக்கியத்திலும் இவ்விருநிலை உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் காமன் ஆடிய பேடு ஒன்று. திருக்குறளிலோ பேடி அச்சத்தின் உவமையாகிறாள்.

சட்டப் பதிவேடு

ஆங்கிலேய அரசு 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதியில் இவர்களுக்கெனப் பதிவேடு வகுத்தது. விடுதலைக்குப் பின்னரும் அப்பார்வை மறையவில்லை. மைசூர் மாநிலக் காவல் சட்டமாகத் தோன்றிய 1963ஆம் ஆண்டுக் கருநாடகக் காவல் சட்டத்தில் 2011இல் 36அ பிரிவு சேர்க்கப்பட்டது. ஐயத்திற்குரியோர் என்ற பெயரில் இவர்களின் பெயரையும் இருப்பிடத்தையும் பதிய அது வழிவகுத்தது. வழக்கிற்குப் பின்னரே, அவர்களைக் குறித்த சொல் அப்பிரிவிலிருந்து நீக்கப்பட்டது.

2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. 2018 செப்டம்பர் 6 அன்று தன்பால் உறவைக் குற்றமெனக் கொண்ட விதியைத் தளர்த்தியது. சங்கமா அமைப்பு தொடுத்த வழக்கின் விளைவாக, 2021இல் அரசுப் பணிகளில் 1 விழுக்காடு இடஒதுக்கீட்டைக் கருநாடகம் வழங்கியது. இந்திய மாநிலங்களுள் இதுவே முதலாவது.

தன்வரலாறு

அச்சங்கமாவில் பெங்களூரில் பணியாற்றியவர் நாமக்கல் மாவட்டத்துத் திருநங்கை அ. ரேவதி. அவர் தொகுத்த 'உணர்வும் உருவமும்' 2004இல் வெளிவந்தது. அவர் தமிழில் எழுதிய தன்வரலாறு 2010இல் முதலில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. 2011இல்தான் 'வெள்ளை மொழி' எனத் தமிழில் வந்தது. து. சரஸ்வதியின் மொழிபெயர்ப்பில் 'பதுக்கு பயலு' எனக் கன்னடம் சென்று, மேடை நாடகமாகவும் வளர்ந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007இல் வெளிவந்தது. பிறர் பதிந்த பெயருக்கு மாற்றாகத் தாமே எழுதிய வரலாறுகள் இவை.

முடிவுரை

இலக்கணம் பெயரிட்டது, சட்டம் பதிந்தது, தன்வரலாறு பேசியது. இவற்றுள் மூன்றாவதே இன்றைய ஆய்வுக்கு முதற்சான்று. பேடி என்னும் சொல்லுக்கு உரை காண்போரும், அகராதி தொகுப்போரும், பாடத்திட்டம் வகுப்போரும் இந்நூல்களைத் தொல்காப்பியத்தோடும் நன்னூலோடும் சேர்த்துப் பயிலுதல் வேண்டும். விருப்பத்தால் பால் அமையும் என்ற நன்னூற் கருத்தைக் கொண்டு, அஃறிணை என்னும் விலக்கைக் கைவிடுவதே தமிழாய்வு இச்சமூகத்திற்குச் செய்யத்தக்க கடன்.