காத்தான்குடி: ஃபத்வாவுக்கும் வாளுக்கும் இடையே

1990 ஆகஸ்ட் 3 அன்று இலங்கையின் காத்தான்குடியில், மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனிய்யாப் பள்ளியிலும் இஷா தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். ஸஃப்பில் நின்றவர்களில் தரீக்காவாதி யார், தவ்ஹீத்வாதி யார் என்று அவர்கள் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நாம்தான். 1979இலேயே அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, வஹ்ததுல் வுஜூத் கொள்கையைப் போதித்த அப்துர் ரவூஃப் மௌலவி முர்தத் ஆகிவிட்டார் என ஃபத்வா வெளியிட்டிருந்தது. அக்கொள்கை எனக்கும் உடன்பாடானதன்று. அதற்கான மறுப்புகளை மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்துகிறேன். ஆனால் கருத்தை மறுப்பது வேறு; கலிமாச் சொன்னவரை மார்க்கத்தைவிட்டே வெளியேற்றுவது வேறு.

ஃபத்வா எழுதியவர்கள் வாளேந்தவில்லை, உண்மை. எனினும் அவ்வூரில் பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். 2004இல் ஸூஃபிகளுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. பயில்வான் என்று அறியப்பட்ட மற்றொரு ஸூஃபித் தலைவர் 2006 டிசம்பரில் காலமானபோது மீண்டும் கலவரம். அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல் தோண்டியெடுக்கப்பட்டது. கப்ரின் கண்ணியத்தைப் பற்றி நாம் எத்தனை பயான்கள் செய்திருக்கிறோம்! 2017 மார்ச் 10 அன்று ஸஹ்ரான் ஹாஷிமின் ஆட்கள் அலியார் சந்தியில் ரவூஃப் மௌலவியின் ஆதரவாளர்களோடு மோதினர், வாள்கள் வெளிவந்தன. ஸஹ்ரான் தலைமறைவானார். வழிகேடர்கள்தானே தாக்கப்பட்டார்கள் என்று எத்தனை உள்ளங்கள் அன்று ஆறுதலடைந்தனவோ, அல்லாஹ்வே அறிவான். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று அதே மனிதரின் கூட்டம் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் அதிகமானோரைக் கொன்றது.

அதன்பின் எல்லா மிம்பர்களிலும் அமைதியின் மார்க்கம் பேசப்பட்டது. குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது; சரியான முடிவே. ஆயினும் பிற சமயத்தார் முன்னிலையில் சமாதானமும் சொந்த மஹல்லாவில் தக்ஃபீரும் பேசும் நாவு ஒரே நாவாக இருந்தால், முனாஃபிக்கின் அடையாளங்களை நாம் யாருக்காகப் பாடம் நடத்துகிறோம்?

இது இலங்கையோடு நின்றுவிடவில்லை. தவ்ஹீத் குடும்பத்து ஜனாஸாவுக்குக் கப்ருஸ்தானில் இடம் மறுத்த ஜமாஅத்துகள் தமிழ்நாட்டிலும் உண்டு. ஊர் இமாமின் பின்னால் தொழுகை கூடாது என்ற தவ்ஹீத் பிரசாரமும் உண்டு. குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராக 2020இல் வண்ணாரப்பேட்டையில் எல்லோரும் தோளோடு தோள் நின்றோம். தொழுகையில் மட்டும் அந்தத் தோள் உறுத்துகிறது.

ஒற்றுமை என்பது வழிகேட்டுக்கு அங்கீகாரம் என்று சிலர் அஞ்சுகின்றனர். ஈராக்கில் ஸுன்னிகளும் ஷியாக்களும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த 2005 ஜூலையில் அம்மானில் கூடிய சுமார் 200 உலமாக்கள் எவருடைய கொள்கையையும் கைவிடச் சொல்லவில்லை. எட்டு மத்ஹபுகளைப் பின்பற்றுவோரையும், உண்மையான தஸவ்வுஃபைக் கடைப்பிடிப்போரையும், சரியான ஸலஃபிச் சிந்தனை உடையோரையும் காஃபிர் என்று சொல்லக் கூடாது என்றே தீர்மானித்தனர்.

போர்க்களத்தில் கலிமாச் சொன்ன எதிரியை, உயிருக்கு அஞ்சிச் சொன்னான் என்று கருதி உஸாமா (ரலி) வெட்டினார்கள். அவனுடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். கண்டிப்பு திரும்பத் திரும்ப வந்தபோது, அன்றுதான் இஸ்லாத்தைத் தழுவியிருக்கக் கூடாதா என்று உஸாமா (ரலி) ஏங்கினார்கள்.