குடகுத் துப்பாக்கிக்கு ஏன் லைசென்ஸ் வேண்டாம்?

சில வருஷம் முன்னாடி, கூட வேலை பார்க்கும் ஒரு கொடவ நண்பரோட ஊருக்குப் போயிருந்தேன். செப்டம்பர் மாதம், கைல்பொல்து பண்டிகை. பூஜையில் வைத்திருந்த துப்பாக்கியின் குழலில் ஒரு பூ செருகியிருந்தது. பார்த்தால் நம்ம செங்காந்தள்! அவங்க ஊரில் அதுக்குப் பேரே ‘தோக் பூ’, அதாவது துப்பாக்கிப் பூ. “லைசென்ஸ் இருக்கா?” என்று கேட்டேன். “எங்களுக்கு எதுக்கு?” என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் தேட ஆரம்பித்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

1857 கலகத்துக்கு அப்புறம் ஆங்கிலேயர்கள் மக்களிடமிருந்த ஆயுதங்களைப் பறிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் 1861 பிப்ரவரியில், மைசூர்–குடகு கமிஷனர் மார்க் கப்பன் குடகர்களுக்கு மட்டும் விலக்கு அளித்து ஓர் அறிவிப்பு வெளியிட்டார். (பெங்களூர் கப்பன் பார்க் இவர் பெயரில்தான். இரண்டு மாதத்தில், இங்கிலாந்து திரும்பும் வழியில் சூயஸில் இறந்துபோனார்.) இந்த விலக்கை வீர மரபுக்குக் கிடைத்த மரியாதை என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த அறிவிப்பும் புகழத்தான் செய்கிறது. ஆனால் அடிப்படைக் காரணம் விசுவாசம். 1837 கிளர்ச்சியிலும் சரி, 1857-லும் சரி, குடகர்களில் பெரும்பாலோர் கம்பெனியை எதிர்க்கவில்லை.

அடுத்து 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம். இந்தியர்கள் லைசென்ஸ் வாங்கணும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் இந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஐரோப்பியர் சலுகை 1920 விதிகளில் போச்சு. குடகர் சலுகை போகல.

சுதந்திர இந்தியாவின் 1959 சட்டத்தில், 41-வது பிரிவின்படி மத்திய அரசு யாருக்கும் விலக்கு அளிக்கலாம். அந்த வழியாகப் பழைய சலுகை அப்படியே உள்ளே வந்துவிட்டது. அறிவிக்கை இரண்டு வகையினரைச் சொல்கிறது: ‘கூர்க் இனத்தவர்’, ‘ஜம்மா’ நிலம் வைத்திருப்பவர். ஜம்மா என்பது ராணுவச் சேவைக்குப் பதிலாக மன்னர் காலத்தில் குறைந்த வரியில் கொடுத்த பரம்பரை நிலம். அந்தச் சேவை எப்பவோ முடிஞ்சுபோச்சு, ஆனா சலுகை நிலத்தோடயே வருது. மாவட்டத்துக்கு வெளியே போனால் கட்டுப்பாடு உண்டு: ஒரு ரைஃபிள், 100 தோட்டா, ஒரு வேட்டைத் துப்பாக்கி, 500 தோட்டா. அதுக்கு மேல கூடாது.

2019-ல் இந்த விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டது. சாதியையும் நிலத்தையும் வைத்துச் சலுகை கொடுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று வழக்கு போனது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கொடவர்கள் போர்மரபினர், சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இருக்கும் சலுகை, அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் என்பவை காரணங்கள். கடைசிக் காரணம் எனக்கு ஒட்டவில்லை. 1861-லிருந்து எண்ணிப் பாருங்க.

அதுக்காக இதை வெறும் சலுகைன்னு ஒதுக்கவும் மனசு வரல. ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி, இறப்பு என்றால் இரண்டு. சத்தத்தை எண்ணியே ஊருக்குச் சேதி தெரிந்துவிடும். இப்படிப் பழகிய வீட்டில் போய் ஃபார்ம் நீட்டச் சொல்வது சுலபமில்லை.

நண்பரின் தோட்டத்தை ஒட்டி இன்னொருத்தர் காபித் தோட்டம். அவர் கொடவர் இல்லை, ஜம்மா நிலமும் இல்லை. ரெண்டு வேலியையும் உடைப்பது அதே காட்டுப்பன்றிதான். அவர் துப்பாக்கி வைக்கணும்னா மட்டும் லைசென்ஸ் வாங்கணும். நண்பரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவருக்கும் கொடுக்கட்டுமே” என்றார்.