வேலை கிடைக்காத கெமிக்கல் இன்ஜினியர்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது நழுவத்தான் பார்த்தேன். அப்போதுதான் ஃபிராங்க் காப்ரா ஞாபகம் வந்தார். ஹாலிவுட் டைரக்டர், ஆனால் படிப்பில் நம்ம ஆள், கெமிக்கல் இன்ஜினியர்!

1897-ல் சிசிலியில் பிறந்து, 1903-ல் பெற்றோருடன் கப்பலேறி அமெரிக்கா வந்த ஏழைப் பையன். பேப்பர் விற்று, பாஞ்சோ வாசித்து, 1918-ல் த்ரூப் கல்லூரியில் (பிற்காலக் கால்டெக்) பட்டம் வாங்கினார். பட்டாளத்தில் வீரர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். விஷக் காய்ச்சல் கண்டு வீடு திரும்பினார். சோதனை அதற்கப்புறம்தான். காலேஜ் பக்கமே போகாத அண்ணன், அக்காவெல்லாம் வேலைக்குப் போக, வீட்டின் ஒரே பட்டதாரி சும்மா உட்கார்ந்திருந்தார். மனசு ஒடிந்துபோனார். படிப்பு முடிந்து பதினாலு மாசம் ஊரில் கிடந்த எனக்கு அது புரியும். "தம்பி, இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று டீக்கடைப் பக்கமே போகமாட்டேன்.

ஊர் ஊராகப் புத்தகம் விற்ற காப்ரா, சான்பிரான்சிஸ்கோவில் சினிமா தெரிந்தவர் போலக் காட்டிக்கொண்டு ஒரு குறும்படம் எடுத்தார், 1922-ல் வெளிவந்தது. 1934-ல் வந்த 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' படத்துக்கு முக்கியமான ஐந்து ஆஸ்கர்களும் கிடைத்தன. (ராஜ்கபூரின் 'சோரி சோரி' இந்தக் கதைதான்.) டைரக்ஷனுக்கு மட்டும் மொத்தம் மூன்று ஆஸ்கர்.

எனக்குப் பிடித்தது 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' (1946). கொளுத்தும் கோடையில் பனிக்காட்சி எடுக்கவேண்டும். அந்தக் காலத்தில் வெள்ளைச் சாயம் பூசிய கார்ன்ஃப்ளேக்ஸைத் தூவுவார்கள். மிதித்தால் நொறுநொறு சத்தம். வசனத்தைப் பிறகு தனியாகப் பதியவேண்டும். காப்ராவுக்கு நேரடி ஒலிதான் வேண்டும். ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ ஆட்கள் தீயணைப்பு நுரையோடு சோப்பும் தண்ணீரும் கலந்து, அழுத்தத்தோடு காற்றில் பீய்ச்சினார்கள். சத்தமில்லாத பனி ரெடி! தொழில்நுட்பத்துக்கான ஆஸ்கர் விருது இதற்குக் கிடைத்தது.

படமோ நஷ்டம். 1974-ல் யாரோ காப்பிரைட்டைப் புதுப்பிக்க மறந்துபோக, டி.வி. நிலையங்கள் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போட்டுத்தள்ளின. ஜனங்கள் கொண்டாடியது அப்புறம்தான். 1991-ல் மறைந்த காப்ரா அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒன்று விட்டுப்போச்சு. ஐம்பதுகளில் அவர் டி.வி.க்காக நான்கு அறிவியல் படங்கள் தயாரித்தார். வானிலை பற்றிய 'தி அன்செயின்ட் காடஸ்' 1958-ல் வந்தது. தொழிற்சாலையும் காரும் கக்கும் கார்பன்-டை-ஆக்சைடு பூமியைச் சூடாக்கும், துருவப் பனி உருகும் என்று அதில் ஒரு காட்சியே வைத்திருக்கிறார். நான் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்னால்!