ஏணை, தொட்டில், கட்டிலோரத் தொட்டில்: ஒரு சின்ன வரலாறு

போன பதிவில் சொர்ணவாரிக்கு நாத்து விட்ட கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். அதை அடுத்த வாரம் முடிக்கிறேன். வீட்டுக்குப் பேத்தி வந்திருக்கா, அதனால கைக்கு ஓய்வே இல்லை. மகளைப் பிரசவத்துக்கு இங்க முசரவாக்கத்துக்கே கூட்டி வந்தோம். ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. இன்னிக்கு இருபதாம் நாள்.

மாப்பிள்ளைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயித்துக்கிழமை வந்தவர் செல்போனை நீட்டி, "மாமா, இதுல எது நல்லதுன்னு பாருங்க"ன்னார். பார்த்தா, ஒரு பக்கம் திறந்த தொட்டில். அம்மா படுக்கிற கட்டிலோட ஒட்டி நிக்குது. விலையைப் பார்த்து, இந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கலாமேன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். மாப்பிள்ளைகிட்ட அதைச் சொல்ல முடியுமா?

திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்க அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "டேய் குப்பா, அதுல போட்டா கொழந்த கைக்கு எட்டுமா?"

அந்தக் கேள்வி என்னை ரொம்ப தூரம் இழுத்துட்டுப் போச்சு. மகள் இங்கிலீஷில் இருக்கிறதைப் படிச்சுச் சொல்ல, நான் நோட்டில் குறிச்சுக்கிட்டேன். அதைத்தான் இங்க எழுதறேன்.

எங்க பக்கம் துணித் தொட்டிலை ஏணைன்னு சொல்லுவோம். மத்த மாவட்டத்துக்காரங்க தூளி என்பாங்க. உத்தரத்தில் கயிறு போட்டு, பழைய நூல் சேலையை மடிச்சுத் தொங்கவிட்டா ஏணை. காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர்போன ஊர்தான், ஆனா எந்தக் குழந்தையையும் பட்டில் போட்டுத் தூங்க வைக்க மாட்டாங்க. வழுக்கும், வேர்க்கும், ஜரிகை குத்தும். பாட்டி கட்டித் துவைச்சு நைஞ்ச நூல் சேலைதான் அதுக்கு லாயக்கு.

சின்ன வயசில் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக்காரர் வீட்டுக்கு அப்பா கூட அரிசி கொண்டு போவேன். வீட்டுக்காரர் குழித்தறியில் காலை விட்டு நெய்துக்கிட்டு இருப்பார். அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுத்துவாங்க. ஏணையிலிருந்து வர்ற கயிறு அவங்க கால் கட்டைவிரலில் இருக்கும். கை தார் சுத்தும், கால் ஏணை ஆட்டும். எங்க கழனியில் நடவுக்கு வர்ற பொம்பளைங்களும் அப்படித்தான். வேப்பமரத்தில் ஏணை கட்டிட்டு, வரப்பிலிருந்து ஒரு கண்ணை அங்கேயே வெச்சிருப்பாங்க. ஏணை வேலை செய்யற தாய்க்குன்னு வந்த பொருள். பகல்ல, பத்து பேர் கண்ணு முன்னாடி ஆடற பொருள்.

வசதியான வீட்டில் கடைசல் பிடிச்ச மரத்தொட்டில் இருந்தது, சங்கிலியில் தொங்கும். சாமிக்கும் தொட்டில் உண்டு. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கித் தாலாட்டும்போது, பிரமனே பொன்தொட்டில் அனுப்பினதாப் பாடியிருக்கார். குழந்தை வரம் கேட்டு மரத்தில் குட்டித் தொட்டில் கட்டற வழக்கம் நம்ம கோயில்களில் இன்னிக்கும் இருக்கு. எங்க பகுதியில் திருப்புட்குழிக் கோயிலுக்கு வர்ற பெண்கள் வறுத்த பயறை ராத்திரி மடியில் கட்டிப் படுப்பாங்க. விடியறப்போ முளை விட்டிருந்தா குழந்தை பிறக்கும்னு நம்பிக்கை.

சரி, பகல் கதை இது. ராத்திரி குழந்தை எங்க தூங்குச்சு? பெரும்பாலும் அம்மா பக்கத்தில், அதே கோரைப்பாயில். பாயில் ஒரு நன்மை உண்டு. கீழே விழ வழியில்லை, கை நீட்டினா குழந்தை. ஆனா அதே பாயில் அப்பா, மூத்த பிள்ளைங்க, ஒரே போர்வை. இங்கதான் ஒரு பழைய பயம் இருக்கு. அசந்து தூங்கற தாய், தெரியாம குழந்தை மேல புரண்டுட்டா?

இந்தப் பயம் நமக்கு மட்டும் இல்லை. பைபிளில் சாலமோன் ராஜாகிட்ட ரெண்டு பெண்கள் ஒரு குழந்தைக்குச் சண்டை போட்டு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்த வழக்கே, ஒருத்தி தூக்கத்தில் தன் குழந்தை மேல படுத்து அது செத்துப்போனதால வந்ததுதான். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் ஊரில் இதுக்குன்னே ஒரு மரச்சட்டம் செய்தாங்க. குழந்தைக்கு மேல வளைஞ்சு நிக்கும். தாயோ செவிலியோ பக்கத்தில் படுத்தாலும் உடம்பு குழந்தை மேல படாது, பால் கொடுக்க ஒரு இடைவெளி விட்டிருப்பாங்க. 1732-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அதோட படம் வந்திருக்கு. இன்னிக்கு மாப்பிள்ளை செல்போனில் காட்டறதுக்கு அது கொள்ளுத்தாத்தா மாதிரி.

1892-ல் ஸ்காட்லாந்து டண்டி ஊரில் டெம்பிள்மேன்னு ஒரு போலீஸ் டாக்டர், மூச்சடைச்சுச் செத்ததாகச் சொன்ன 258 குழந்தைகளைப் பத்தி எழுதினார். சனிக்கிழமை ராத்திரிதான் ரொம்ப சாவு. குடி, அலட்சியம், அறியாமை, ஒரே அறையில் நெருக்கம்னு காரணம் சொன்னார். பழி கடைசியில் யார் தலையில் விழுந்தது? ஏழைத் தாய்மார் தலையில்தான்.

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வரேன்.

எனக்கு முன்னாடி ஒரு அக்கா பிறந்தாளாம். பேர் வெச்சு ஒரு மாசம்கூட ஆகலை. தை மாசம், சம்பா அறுப்பு நேரம். அம்மா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நெல்லு அவிச்சுட்டு வந்து படுத்திருக்காங்க. விடியறப்போ குழந்தை சில்லிட்டுக் கிடந்தது. "தூக்கத்துல அமுக்கிட்டா"ன்னு ஊரே சொல்லுச்சு. எங்க பாட்டி சாகற வரைக்கும் அதைச் சொல்லிக்காட்டினாங்கன்னு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா ஒரு வார்த்தை பேசினதில்லை.

அடுத்து நான் பிறந்தேன். முதல் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, முறத்தில் வெச்சு வீட்டுக்குள்ள கொண்டு வருவாங்க. "இது வேண்டாத பிள்ளை"ன்னு எமனை ஏமாத்தற வேலை. அதனால எனக்கு வீட்டுப் பேர் குப்பன். அம்மா என்னைத் தன் பாயில் படுக்க வைக்கவே இல்லையாம். தலைமாட்டில் ஏணை கட்டி, கயிறைத் தன் மணிக்கட்டில் சுத்திக்கிட்டுத்தான் தூங்குவாங்களாம்.

மகள் படிச்சுச் சொன்னதில் என்னை உலுக்கினது அடுத்த சேதி. பழி போட்டுக்கிட்டே இருந்த டாக்டர்களுக்கு மெதுவா சந்தேகம் வந்திருக்கு. தாய் பக்கத்தில் இல்லாம, தனித் தொட்டிலில் படுத்த குழந்தைகளும் செத்தாங்க. உடம்பை அறுத்துப் பார்த்தாலும் காரணம் தெரியலை. 1969-ல் அமெரிக்காவில் சியாட்டில் மாநாட்டில் இதுக்குத் தனியா ஒரு பேரே வெச்சாங்க. நம்ம மொழியில் 'திடீர் சிசு மரணம்'னு சொல்லலாம். அப்புறம் கண்டுபிடிச்சது, குப்புறப் படுக்க வைக்கிற குழந்தைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்னு. 1991-ல் இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும், 1994-ல் அமெரிக்காவிலும் "மல்லாக்கப் படுக்க வையுங்க"ன்னு பிரசாரம் பண்ணினாங்க. மருந்து இல்லை, ஊசி இல்லை. அமெரிக்காவில் பத்து வருஷத்துக்குள்ள இந்தச் சாவு ஏறத்தாழ பாதியாச்சு.

தொட்டிலும் சும்மா இருக்கலை. பக்கச் சுவர் ஏறி இறங்கற மாதிரி செய்த மரத்தொட்டிலில் சுவர் கழண்டு குழந்தைகள் மாட்டிக்கிட்டதால, 2011-ல் அமெரிக்கா அந்த வகையையே தடை பண்ணிச்சு. ஃபிஷர்-பிரைஸ் கம்பெனி 'ராக் அண்ட் பிளே'ன்னு சாய்வா படுக்கிற தொட்டில் ஒண்ணு வித்தது. முப்பதுக்கு மேல குழந்தைகள் செத்ததாகத் தகவல் வந்த பிறகு, 2019 ஏப்ரலில் 47 லட்சம் தொட்டிலைத் திரும்ப வாங்கறதா அறிவிச்சாங்க. சாய்வில் குழந்தையோட தலை முன்னால கவிழும், தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழல் மடங்கும். 2022-ல் அந்த மாதிரி சாய்வுத் தொட்டிலையும், தொட்டிலைச் சுத்திக் கட்டற மெத்தைத் தடுப்பையும் அங்க சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க.

இதைக் கேட்டதும் ஏணை ஞாபகம் வந்தது. நான் ஏணையில் வளர்ந்தவன், அதைக் குறை சொல்ல மனசு வரலை. ஆனா உண்மையைச் சொல்லணும். ஏணையிலும் குழந்தை வளைஞ்சுதான் படுக்குது. தாடை நெஞ்சுக்கு வரும், முகம் துணியில் அழுந்தும். கொஞ்சம் பெரிய பிள்ளைங்க ஏணையில் ஊஞ்சல் ஆடி, சேலை முறுக்கிக் கழுத்தில் சுத்திக்கிட்ட சேதி நம்ம பேப்பரில் அடிக்கடி வருது. அதனால எங்க வீட்டில் முடிவு பண்ணினது இதுதான். ஏணை பகல்ல, ஆள் கண் முன்னாடி மட்டும். ராத்திரிக்கு மட்டமான, கெட்டியான படுக்கை. ஏணையில் தூங்கிட்டா தூக்கி மட்டமான இடத்துக்கு மாத்தணும்.

நியூசிலாந்து மாவோரி மக்கள் பண்ணினது எனக்கு ரொம்பப் பிடிச்சது. குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கறது அவங்க வழக்கம். "பக்கத்தில் போடாதே"ன்னு சொன்னா யார் கேட்பாங்க? அதனால 2006 வாக்கில் நாரில் மட்டமான கூடை பின்னி, அதுக்குள்ள குழந்தையை வெச்சு, கூடையைத் தாய் பக்கத்தில் வெச்சாங்க. வஹகுரான்னு பேர். கேட்டதும் என்னைப் போட்ட முறம்தான் ஞாபகம் வந்தது. பின்லாந்து அரசாங்கம் 1938-லிருந்து தாய்மாருக்குக் கொடுக்கற அட்டைப்பெட்டியில் அடியில் மெத்தை இருக்கும், பெட்டியே குழந்தைக்குப் படுக்கை. நம்ம தமிழ்நாட்டிலும் 2015-ல் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குக் கொடுத்த பெட்டகத்தில் சின்னப் படுக்கையும் கொசுவலையும் இருந்தது.

எல்லாரும் தேடினது ஒண்ணுதான்: குழந்தைக்குத் தனி இடம், ஆனா தாய் கைக்கு எட்டற தூரம். பாய் போய்க் கட்டில் வந்ததும் அந்தத் தூரம் மாறிப்போச்சு. ஆபரேஷன் ஆன என் மகளால குனிஞ்சு தரையிலிருந்து குழந்தையைத் தூக்க முடியாது. அவளுக்கு இந்தக் கட்டிலோரத் தொட்டில் ஆடம்பரம் இல்லைன்னு எனக்குப் புரிஞ்சது. சரின்னுட்டேன்.

வாங்கறவங்களுக்கு நான் குறிச்சு வெச்சது: கட்டில் மெத்தையும் தொட்டில் மெத்தையும் ஒரே உயரத்தில் இருக்கணும். ரெண்டுக்கும் நடுவில் இடுக்கு கூடாது, பட்டை போட்டு இறுக்கிக் கட்டணும், தினம் ராத்திரி அசைச்சுப் பார்க்கணும். இடுக்கில் துணியைச் சொருகி அடைக்கறது சரிப்படாது. மெத்தை கையால அமுக்கினா குழியக் கூடாது. கம்பி வெச்ச தொட்டிலா இருந்தா கம்பிக்கு நடுவில் கூல்டிரிங்க்ஸ் டின் நுழையக் கூடாது, நுழைஞ்சா குழந்தை உடம்பும் நுழையும். உள்ளே கடுகுத் தலையணை, பொம்மை, கனமான போர்வை எதுவும் வேண்டாம். கழுத்துச் செயினைக் கழட்டிடணும். கொசுவலை தொங்கி முகத்தில் விழாம இழுத்துக் கட்டணும். மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும். குடிச்சிருக்கறவங்களோ பீடி, சிகரெட் பிடிக்கறவங்களோ குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கவே கூடாது.

எத்தனை மாசம் பயன்படும்? குழந்தை கையை ஊன்றி எழும்ப ஆரம்பிச்சதும் இதை நிறுத்திடணும்னு போட்டிருக்கு. ஏறத்தாழ அஞ்சாறு மாசம். நம்ம பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் அந்த வயசைத்தான் செங்கீரைப் பருவம்னு அஞ்சாம் மாசத்தில் வெச்சாங்க. கையை ஊன்றி, தலையைத் தூக்கிக் கீரைத்தண்டு மாதிரி ஆடற வயசு. அதனால மூணாம் மாசம் சென்னைக்குப் போனப்புறம் வாங்கிக்கலாம்னு தள்ளிப் போட்டா பாதிப் பயன் வீண். மாப்பிள்ளைகிட்டச் சொல்லி இங்கேயே வரவழைச்சோம்.

தொட்டில் வந்த அன்னிக்குச் சாயங்காலம், நான் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. படிச்சதைச் சொன்னேன். "அந்தக் காலத்துல அமுக்கினதுன்னு சொன்ன எல்லாமே அமுக்கினது இல்லையாம்மா. குப்புறப் படுத்த கொழந்தைக்குத் தானாவே அப்படி ஆகுமாம்."

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க: "நான் எழுந்திருக்கறப்போ அவ ஒரு முழம் தள்ளித்தான்டா கெடந்தா. வயித்து உப்புசம்னு உங்க பாட்டி குப்புறப் போடச் சொன்னா, போட்டேன். அப்படியே கெடந்தா. யாரு எங்கிட்ட கேட்டா?"

அதுதான் காரணம்னு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனா அன்னிக்குத் தீர்ப்புச் சொன்ன யாருக்கும் எதுவும் தெரியாதுன்னு மட்டும் சொல்லுவேன். பாட்டியையும் குத்தம் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் பெரிய டாக்டர்களே குப்புறப் போடச் சொன்னாங்க.

ராத்திரி தொட்டிலைக் கட்டிலோட சேர்த்துக் கட்டி முடிச்சதும் அம்மா உள்ளே வந்தாங்க. மகளை எழுப்பி உட்கார வெச்சுட்டு, அவ இடத்தில் தானே படுத்து, பேத்தி பக்கம் கையை நீட்டினாங்க. குழந்தை வயித்தில் கை படுற வரைக்கும் நீட்டினாங்க.

"எட்டுதுடா"ன்னாங்க.

உங்க வீட்டில் ஏணைக் கதை இருந்தா எழுதுங்க. பெரியவங்க சொல்லாம வெச்சிருக்கற கதை இருந்தா, அவங்க இருக்கறப்பவே கேட்டுடுங்க. நாத்துக் கதை அடுத்த வாரம்.