காலம் தவறாத கருவியும் காலம் தவறும் வழியும்

ஓரிடத்தில் எழுதியதை எழுதியவாறே மற்றோரிடத்திற் பெறவேண்டும் என்ற எண்ணம் தொலைபேசிக்கும் முந்தியது. ஸ்கொத்லாந்து நாட்டுக் கடிகாரத் தொழிலாளரான அலெக்சாண்டர் பெயின் 1843ஆம் ஆண்டில் அதற்கான கருவிக்கு ஆக்கவுரிமை பெற்றார். இரு முனைகளிலும் ஒத்த கதியில் ஆடும் ஊசல்களே அக்கருவிக்கு ஆதாரம். ஓர் ஊசல் பிந்தினால் எழுத்துஞ் சிதையும். இத்தாலியக் குருவானவராகிய ஜியோவன்னி கசெல்லி அமைத்த கருவி 1865இல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே தந்திக்கம்பி வழியாகப் பொதுச்சேவை புரியத் தொடங்கிற்று. அதனைப் பெரிதும் நாடியோர் வங்கியாளர். கையொப்பத்தைச் சரிபார்ப்பதே அவர்தம் தேவை. ஆகவே, இக்கலை பிறந்த நாள் முதலாக நம்பகமே அதன் மதிப்புக்கு அளவுகோலாயிற்று.

பின்வந்த தொலைநகல் இயந்திரங்களுக்கு 1980இல் ஒரு சர்வதேச நியமம் வகுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஒரு பக்கம் தொலைபேசி வழியே சென்றது. இயந்திரங்கள் இரண்டும் ஓசைகளால் ஒன்றையொன்று விளித்து, வேகத்தை முடிவுசெய்து, பின்னரே பக்கத்தை அனுப்பும். அழைப்பு முடியும்வரை இணைப்பகம் தனிவழி ஒன்றை அவற்றுக்கென ஒதுக்கியது. அவ்வழியிற் காலம் பிறழவில்லை.

இணையத் தொலைபேசியின் இயல்போ வேறு. அது குரலைச் சிறுசிறு பொதிகளாக்கி அனுப்புகிறது. ஒரு பொதி, பெரும்பாலும், ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு ஒலியையே சுமக்கும். பிந்திவரும் பொதி கைவிடப்படும். மனிதச் செவி அக்குறையைப் பொறுத்துக்கொள்ளும்; இயந்திரம் பொறுக்காது. எதிர்முனை மௌனமாயிற்று எனக் கருதி அது இணைப்பைத் துண்டிக்கும். அல்லது பக்கத்தின் இடையே சில வரிகள் சிதையும். குரலைச் சுருக்கும் முறைகளும் பேச்சுக்கென வகுக்கப்பட்டவையாதலின், இயந்திர ஓசைகளைத் திரித்துவிடும். அன்றியும், இரு முனைகளிலுமுள்ள கடிகாரங்களின் நுண்ணிய வேறுபாடு நேரஞ் செல்லச் செல்லப் பெருகும். ஒரு பக்கம் நன்கு சேர்ந்தபோதிலும் பல பக்கப் பத்திரம் இடையில் முறிவது இதனாலேயாம். பெயினின் ஊசல்களை வருத்திய இடர் இங்கே மீண்டும் தலைதூக்கியது.

இதற்குப் பரிகாரமாக 1998இல் டி.38 என்னும் நியமம் வெளிவந்தது. இதன்படி ஓசைகள் வாயிற்கருவியிலேயே தரவாக மாற்றப்படும். இழப்பை ஈடுசெய்யும்பொருட்டு அதே தரவு அடுத்துவரும் பொதிகளிலும் திரும்ப இடம்பெறும். ஆயின், வழியிலுள்ள நிறுவனங்கள் யாவும் இதனை ஏற்றாலன்றிப் பயன் முழுமையாகாது. ஏலாதவிடத்து, குரலைச் சுருக்காது அனுப்புதலும், வேகத்தைக் குறைத்தலும், பிழைதிருத்தும் முறையைக் கைக்கொள்ளுதலும் ஓரளவு துணைசெய்யும்.

இஃது அற்ப விடயமன்று. 2018ஆம் ஆண்டிலும் பிரித்தானிய அரச மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான தொலைநகல் இயந்திரங்கள் இயங்கின. மருந்தின் அளவைக் குறிக்கும் ஒரு வரி சிதைந்தால் இடர்ப்படுபவன் நோயாளியே. செவிக்கு ஏற்ற வழி எழுத்துக்கும் ஏற்றதாகிவிடாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.