இரண்டு அவுன்ஸ் தேயிலையும் ஆறு கிறிஸ்துமஸ்களும்

விருந்துக்கு அழைத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. இங்கிலாந்திலும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகிறவர்கள் அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரு பாட்டில் ஜாமோ, ஒரு டப்பா பிஸ்கட்டோ, வீட்டில் பின்னிய ஏதாவது ஒரு துணியோ கொண்டு போவார்கள். கடைக்குப் போய் வாங்கியதைவிட கையால் செய்ததற்கு மதிப்பு அதிகம் என்று எல்லோரும் சொல்வதுண்டு.

சொல்வது சுலபம். ஆனால் கையில் காசு இருந்தும் கடையில் பொருள் இல்லை என்றால்? ஜாம் செய்யச் சர்க்கரை இல்லை, பின்னுவதற்குக் கம்பளி நூல் இல்லை, பொட்டலம் கட்டத் தாள்கூட இல்லை என்றால்? 1940 முதல் 1945 வரை பிரிட்டன் மக்கள் ஆறு கிறிஸ்துமஸ்களை அப்படித்தான் கொண்டாடினார்கள். பரிசு என்றால் உண்மையில் என்ன என்பதை அந்த ஆறு வருடங்களைப் போல வேறெதுவும் சொல்லித் தராது.

ஒரு புட்டிங், பல நாடுகள்

போருக்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். கிறிஸ்துமஸ் புட்டிங் என்பது ஆங்கிலேயர்களின் அடையாளச் சின்னம். ஆட்வெண்ட் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்கு ஒரு தரம் மாவைக் கிண்டி, மனதுக்குள் ஒரு ஆசையை நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பாத்திரத்துக்குள் இருந்தவற்றில் இங்கிலாந்தில் விளைந்தது எவ்வளவு?

1927ல் 'எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு' என்ற அரசு அமைப்பு, மன்னரின் அரண்மனை சமையல்காரர் கொடுத்த ஒரு புட்டிங் செய்முறையை நாடெங்கும் பரப்பியது. சாம்ராஜ்யத்தில் விளைந்ததை மட்டுமே வாங்குங்கள் என்பதற்கான விளம்பரம் அது. ஆஸ்திரேலிய உலர்திராட்சை, ஜான்சிபார் கிராம்பு, ஜமைக்கா ரம், இந்தியா அல்லது இலங்கையின் லவங்கப்பட்டை என்று அதில் பாதி உலகம் இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனையும் கப்பலில் வந்தாக வேண்டும்!

போருக்கு முன் பிரிட்டன் வருடத்துக்குச் சுமார் 2 கோடி டன் உணவை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அந்தக் கப்பல்களைத்தான் குறி வைத்தன. அவ்வளவுதான், புட்டிங் ஆட்டம் கண்டது.

கூப்பன் என்னும் இரண்டாவது நாணயம்

1940 ஜனவரி 8ம் தேதி ரேஷன் தொடங்கியது. முதலில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை. மார்ச்சில் மற்ற இறைச்சிகள். ஜூலையில் தேயிலை, ஒருவருக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ். அதாவது 57 கிராம்.

தேநீருக்கு ஆளுக்கு ஒரு கரண்டி, கெட்டிலுக்காக ஒரு கரண்டி என்பது அந்த நாட்டுப் பழைய கணக்கு. கெட்டிலுக்குப் போடுவதை நிறுத்துங்கள் என்று உணவு அமைச்சகம் விளம்பரம் செய்ய வேண்டியதாயிற்று.

1940 ஏப்ரலில் உணவு அமைச்சர் ஆனவர் லார்டு வூல்டன். அவர் அரசியல்வாதி இல்லை, வியாபாரி. 'லூயிஸ்' என்ற பெரிய கடைகளை நிர்வகித்தவர். வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவர். 1940 கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அவர் மக்களுக்கு ஒரு பரிசு கொடுத்தார். தேயிலை 2 அவுன்ஸிலிருந்து 4 அவுன்ஸ், சர்க்கரை 8 அவுன்ஸிலிருந்து 12 அவுன்ஸ். ஒரே ஒரு வாரத்துக்கு மட்டும்! ஒரு நாட்டு அரசாங்கம் கூடுதலாகக் கொடுத்த நாலு அவுன்ஸ் சர்க்கரை கிறிஸ்துமஸ் பரிசாகப் பேசப்பட்டது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அதே 1940 அக்டோபரில் கொள்முதல் வரி வந்தது. ஆடம்பரப் பொருட்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரி. 1941 ஜூன் 1ம் தேதி துணிக்கும் ரேஷன் வந்தது. ஆளுக்கு வருடத்துக்கு 66 கூப்பன். பின்னுவதற்கான கம்பளி நூல் 2 அவுன்ஸுக்கு ஒரு கூப்பன்.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பொருளை வாங்கக் காசும் வேண்டும், கூப்பனும் வேண்டும். காசு ஆளுக்கு ஆள் மாறும். கூப்பன் அப்படி இல்லை. ராணுவ அதிகாரியின் மனைவிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்கும் ஒரே எண்ணிக்கைதான். எனவே பரிசின் மதிப்பைக் காசால் அளக்க முடியாமல் போயிற்று. இந்தப் பரிசைத் தருவதற்காக இவர் தன் பங்கிலிருந்து எதை விட்டுக்கொடுத்தார் என்பதுதான் அளவுகோல் ஆனது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பவுண்டு ஜாம் செய்யச் சுமார் 9, 10 அவுன்ஸ் சர்க்கரை வேண்டும். ஒருவரின் ஒரு வாரச் சர்க்கரையைவிட அது அதிகம். போருக்கு முன் ஒரு பாட்டில் ஜாம் கொண்டுபோனால் 'நன்றி' என்று வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள். 1941ல் அதே பாட்டிலைக் கொண்டுபோனால், இந்த மனுஷி ஒரு வாரத்துக்கு மேல் சர்க்கரை இல்லாமல் தேநீர் குடித்திருக்கிறாள் என்று அர்த்தம். அதை வாங்குகிறவருக்கும் அது தெரியும்.

விருந்தாளியின் பொட்டலம்

இதனால் விருந்தின் முறையே மாறியது. ஒரு வீட்டுக்கு நாலு பேர் விருந்துக்கு வந்து தேநீர் குடித்தால் அந்த வீட்டின் வாரப் பங்கு ஆட்டம் கண்டுவிடும். எனவே விருந்தாளிகள் தங்கள் தேயிலையையும் சர்க்கரையையும் சின்ன டப்பாவில் எடுத்துப்போகும் வழக்கம் வந்தது. சிலர் வெண்ணெயைக்கூட எண்ணெய்த் தாளில் சுற்றி எடுத்துப் போனார்கள்.

சாதாரண காலத்தில் ஒருவர் வீட்டுக்கு நம் சர்க்கரையை நாமே கொண்டுபோனால் அது அவமரியாதை. 'எங்க வீட்ல சர்க்கரை இல்லைன்னு நெனச்சீங்களா' என்று கேட்டுவிடுவார்கள். போர்க்காலத்தில் கொண்டுபோகாமல் இருப்பதுதான் அவமரியாதை ஆகிவிட்டது. விடுப்பில் வரும் சிப்பாய்களுக்கு அரசாங்கமே தனி ரேஷன் அட்டை கொடுத்து அனுப்பியது. மகன் வந்தால்கூட அவன் பங்கோடு வந்தால்தான் அம்மாவால் கூடுதலாக ஒரு தட்டு வைக்க முடியும்.

பழைய ஸ்வெட்டரும் மரக்கட்டை ரயிலும்

அப்படியானால் என்னதான் பரிசு கொடுத்தார்கள்? கம்பளி நூலுக்குக் கூப்பன் உண்டு. ஆனால் பழைய ஸ்வெட்டரைப் பிரித்தெடுத்த நூலுக்குக் கூப்பன் கிடையாதே! கிழிந்துபோன அப்பாவின் ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை நனைத்து நேராக்கிக் காயவைத்து, மகளுக்குக் கையுறையாகப் பின்னினார்கள். 1943ல் வர்த்தக வாரியம் இதற்கென்றே 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்று ஒரு கையேடு போட்டது. இருப்பதை வைத்துச் சமாளி, கிழிந்ததைத் தைத்துக்கொள் என்பதே அதன் சாரம்.

பொம்மைகளுக்கும் அதே கதை. உலோகமும் ரப்பரும் போருக்குப் போய்விட்டன. கடையில் கிடைத்த கொஞ்ச நஞ்சமும் யானை விலை. தீயணைப்புப் படையினர் குண்டு விழாத இரவுகளில் உடைந்த மரத்துண்டுகளை வைத்து ரயில், லாரி, பொம்மை வீடு என்று செய்து குழந்தைகள் காப்பகங்களுக்குக் கொடுத்தார்கள். பாரோ-இன்-ஃபர்னஸ் என்ற துறைமுக ஊரைச் சேர்ந்த நெல்லா லாஸ்ட் என்ற குடும்பத்தலைவி, 'மாஸ் அப்சர்வேஷன்' என்ற ஆய்வு அமைப்புக்காகப் போர்க்காலம் முழுக்க நாட்குறிப்பு எழுதியவர். துண்டுத் துணிகளில் பொம்மைகள் தைத்து ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குக் கொடுத்ததை அதில் பதிவு செய்திருக்கிறார். அவருடைய நாட்குறிப்பு 1981ல் புத்தகமாக வந்தது.

சோப்புகூட நல்ல பரிசாகக் கருதப்பட்டது. 1942 பிப்ரவரியில் அதுவும் ரேஷனுக்குள் வந்தபின் அதன் மவுசு இன்னும் கூடியது. பரிசைச் சுற்றப் பழைய செய்தித்தாள். அதுவும் இல்லாவிட்டால் போன வருடத் தாளையே தடவி நேராக்கி மறுபடியும் சுற்றுவது!

அடுப்படித் தந்திரங்கள்

1940 ஆகஸ்டிலிருந்து கேக்கின் மேல் சர்க்கரை ஐசிங் போட்டு விற்பதற்குத் தடை. கல்யாண கேக்குக்கே வெள்ளை அட்டையில் செய்த மூடியைக் கவிழ்த்துவைத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே சின்னதாக ஒரு கேக் இருக்கும்.

கிறிஸ்துமஸ் கேக்கின் மேல் பூசும் பாதாம் விழுதுக்குப் பதில் சோயா மாவு, மார்ஜரின், கொஞ்சம் சர்க்கரை, பாதாம் எசென்ஸ். புட்டிங்கில் திராட்சை குறைந்த இடத்தைத் துருவிய காரட்டும் உருளைக்கிழங்கும் நிரப்பின. இவை இரண்டும் உள்ளூரில் விளைந்தவை, கப்பல் வேண்டியதில்லை. 1941 ஜூன் முதல் முட்டையும் கட்டுப்பாட்டுக்குள் வந்து, ஆளுக்கு வாரத்துக்கு ஒன்று என்ற அளவில் வந்து நின்றது. பிறகு அமெரிக்காவிலிருந்து முட்டைப்பொடி டப்பாக்கள் வந்தன.

அலங்காரத்துக்கும் அமைச்சகம் யோசனை சொன்னது. ஹாலி இலைகளை எப்சம் உப்புக் கரைசலில் முக்கிக் காயவைத்தால் பனி படிந்ததுபோல் மினுமினுக்கும். பேதிக்குக் கொடுக்கும் மருந்து புட்டிங்கின் தலையில் பனியாக உட்கார்ந்தது!

1940 ஜூனிலிருந்து தேவாலய மணிகளும் அடிக்கப்படவில்லை. எதிரிப் படை தரையிறங்கினால் எச்சரிக்கை செய்ய மட்டும்தான் மணி. 1940, 1941 இரண்டு கிறிஸ்துமஸும் மணியோசை இல்லாமலே போயின. 1942 நவம்பரில் எல் அலமெய்ன் வெற்றிக்காக ஒருமுறை அடித்தார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்றும் மணி ஒலித்தது. தினமும் கேட்டுப் பழகி யாரும் காது கொடுக்காத ஓசை, இரண்டு வருடம் இல்லாமலிருந்து திரும்பி வந்தபோது அதுவே பண்டிகையானது.

இனிமை மட்டும்தானா?

இதையெல்லாம் படிக்கும்போது அந்தக் காலம்தான் நல்ல காலம் என்று தோன்றலாம். அங்கேதான் கவனம் தேவை.

முதல் விஷயம், இந்த எளிமையை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. 1940 கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் லிவர்பூலும் மான்செஸ்டரும் குண்டுவீச்சில் எரிந்தன. லண்டனில் ஏராளமான பேர் பண்டிகை இரவைச் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துக் கழித்தார்கள்.

இரண்டாவது, கூப்பன் சமம் என்றாலும் வாழ்க்கை சமம் இல்லை. ஹோட்டலில் சாப்பிடக் கூப்பன் தேவையில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று 1942ல்தான் வரம்பு வைத்தார்கள். கள்ளச் சந்தையும் இருந்தது. வரிசையில் நிற்பது, பிரிப்பது, பின்னுவது, காரட் துருவுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. அதிலும் பலர் பகலில் தொழிற்சாலை வேலையும் பார்த்தவர்கள்.

மூன்றாவது விஷயம் நமக்கு நெருக்கமானது. அந்த 2 அவுன்ஸ் தேயிலை எங்கிருந்து வந்தது? அசாமிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தென்னிந்திய மலைகளிலிருந்தும். இலங்கை மலையகத் தோட்டங்களில் அதைப் பறித்த கைகள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகள். பிரிட்டனில் ஒரு கரண்டித் தேயிலைகூட வீணாகாமல் பார்த்துக்கொண்ட அதே ஆட்சியின் கீழ், 1943ல் வங்காளத்தில் பஞ்சம் வந்து சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள். பங்கிட்டு உண்ணும் முறை லண்டனில் மக்களைக் காப்பாற்றியது. வங்காளத்துக் கிராமங்களுக்கு அது சரியான நேரத்தில் வந்து சேரவில்லை. பிரிட்டனின் போர்க்காலக் கிறிஸ்துமஸைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

போர் முடிந்த பிறகு

1945ல் போர் முடிந்தது, ரேஷன் முடியவில்லை. 1945 டிசம்பர் 30ம் தேதி, போருக்குப் பின் முதல் வாழைப்பழக் கப்பல் ஏவன்மவுத் துறைமுகத்துக்கு வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது! வாழைப்பழத்தையே பார்த்திராத ஐந்து வயதுக் குழந்தைகள் அப்போது இருந்தார்கள். போரின்போதுகூட ரேஷனில் வராத ரொட்டி 1946ல் ரேஷனுக்கு வந்தது. தேயிலை 1952லும் சர்க்கரை 1953லும் விடுபட்டன. இறைச்சி விடுபட்ட 1954 ஜூலை 4ம் தேதியோடுதான் உணவு ரேஷன் முழுவதுமாக முடிந்தது.

அதன்பின் கடைகள் நிறைந்தன. கையால் செய்த பரிசு மெல்ல மெல்ல 'வாங்க வசதி இல்லாதவர் கொடுப்பது' என்று ஆகி, இன்று மறுபடியும் அதுவே நாகரிகமாகத் திரும்பி வந்திருக்கிறது. அழகான பாட்டில், ரிப்பன், கையெழுத்துச் சீட்டு எல்லாம் இதற்கென்றே கடைகளில் விற்கிறார்கள்.

1941ன் ஜாம் பாட்டிலுக்கு ரிப்பன் கிடையாது. ஆனால் அதை நீட்டியவர் எத்தனை நாள் சர்க்கரை இல்லாமல் தேநீர் குடித்தார் என்று வாங்கியவருக்குத் தெரியும். அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போகும்போது இவரும் தன் டப்பாவில் இரண்டு கரண்டித் தேயிலையை எடுத்துக்கொண்டு போனார்.