ஈரோட்டில் பிறந்த வார இதழ்

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலைச்சாரலிலும் பயிலும் மாணவ மணிகளே! பத்திரிகையின் சரித்திரம் பெருநகரங்களில் மட்டும் உருவானதன்று. 1925 மே 2-ஆம் நாள் ஈரோட்டில் ‘குடி அரசு’ என்னும் அரசியல் வார இதழ் தோன்றிற்று. ஈ. வெ. இராமசாமியாரும் தங்கபெருமாள் பிள்ளையும் அதன் ஆசிரியர்கள். தொடங்கி வைத்தவரோ திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகள். அவ்வூரும் கள்ளக்குறிச்சியும் அந்நாளில் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. சைவ மடத்துத் துறவி தொடங்கி வைத்த இதழே பின்னர்ச் சமயத்தையும் சாதியையும் கடுமையாக வினவிற்று என்பது எண்ணத்தக்கது.

1933 அக்டோபர் 29-ஆம் நாள், அன்றைய ஆட்சி ஒழிய வேண்டியது ஏன் என்று விளக்கும் தலையங்கம் வெளிவந்தது. அதற்காக ஆசிரியர் இராமசாமியாரும், பதிப்பாளராகிய அவர்தம் தங்கை கண்ணம்மாளும் சிறை புகுந்தனர். ‘குடி அரசு’ நின்றதும், அவ்வாண்டிலேயே ‘புரட்சி’ எழுந்தது. அதுவும் அடக்குமுறைக்கு ஆளாகவே, 1934-இல் ‘பகுத்தறிவு’ வந்தது. 1935-இல் மீண்ட ‘குடி அரசு’ 1949 வரை நடைபெற்றது.

மாணவர்களே, அவ்விதழின் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஆயினும், எந்தப் பத்திரிகையிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களைத் தவறாது நோக்குங்கள். சட்டத்தின் முன் பொறுப்பேற்பவர் அவர்களே. அச்சிறு வரியின் பொருட்டு ஒரு பெண்மணி சிறை சென்றதை உணர்ந்தால், எழுத்துரிமையின் விலை நமக்கு இனிது விளங்கும்.